இடது ஓரம் காலியாக இருந்தது

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பிளெக்ஸ் பேனர். பத்தடிக்கு ஆறடி. அதிலிருந்த தமிழ் வாக்கியத்தை எழுதியவள் நான். இருபத்தாறு வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். யார் செய்த குற்றத்தையும் ஏழாவது வாரம் வரைக்கும் ஒளித்துவைப்பது எனக்குப் பழக்கம். ஆனால் இது ஒரே இதழில் முடிய வேண்டிய கதை. ஒளிக்க இடமில்லை. அதனால் என் பங்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாக்கியம் இதுதான்:

தடுத்தது போதும் தினேஷா
அடித்துக் காட்டு ஆசியாவுக்கு!

தினேஷ் இந்தியக் கால்பந்து அணியில் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரன். தடுப்பதுதான் அவன் வேலை. ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறுவதற்கான கடைசி ஆட்டத்தின் எண்பத்தொன்பதாவது நிமிடத்தில், தடுக்கும் இடத்தை விட்டுவிட்டு அவன் அடிக்க ஓடினான். அவன் விட்டுப்போன இடத்தின் வழியாக எதிரணி வந்து கோல் போட்டது. இந்தியா வெளியே.

(தினேஷ் என்பது அவன் பெயர் இல்லை. ஆட்டங்களின் கணக்கும் நான் போட்டது. விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டி இவன் யார் என்று தேடாதீர்கள். கிடைக்கிறவன் வேறு எவனாவதாக இருப்பான், பாவம்.)

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"மர்பி டவுன் மைதானத்தின் செம்மண் புழுதியில் ஒரு கனவு உருண்டுகொண்டிருந்தது…"

அடித்துவிட்டேன். கனவு உருளாது. பந்துதான் உருளும்.

அடுத்து:

"கண்டீரவா ஸ்டேடியத்தில் கூடியிருந்த இருபதாயிரம் பேரும் மூச்சை அடக்கி"

இருபதாயிரம் பேர் வரவில்லை. அரைவாசி நாற்காலிகள் காலி. வந்தவர்களிலும் பாதிப் பேர் மூச்சை அடக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆரம்பத்தை யோசிக்கும்போது சென்னையிலிருந்து போன். பத்திரிகையின் பொறுப்பாசிரியர் ஸ்ரீரஞ்சனி.

"மேடம், புட்பாலா? நம்ம வாசகிகளுக்குப் புரியுமா? கிரிக்கெட்டா மாத்திடலாமே. கடைசி ஓவர்ல ஒரு கேட்சை விட்டுட்டான், அவ்வளவுதானே?"

"அவன் எதையும் விடலை ஸ்ரீரஞ்சனி. அவன் போனான்."

"எங்க போனான்?"

"முன்னாடி."

"முன்னாடி போனா நல்லதுதானே மேடம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மூன்றாவது ஆரம்பம். அவர் கடைசியாகச் சொன்னது: "சனிக்கிழமை நாலு மணிக்குள்ள அனுப்பிடுங்க. அப்பத்தான் ரெண்டு வாரம் கழிச்சு வர்ற இதழ்ல போகும். முடிவு மட்டும் பாசிட்டிவ்வா வச்சிடுங்க, ப்ளீஸ்."

3

தகுதிச் சுற்றைப் பற்றி ஒரு பத்தி சொல்லியே ஆக வேண்டும். வேகமாகச் சொல்கிறேன்.

நான்கு அணிகள், ஆளுக்கு ஆறு ஆட்டம், முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள் கோப்பைக்குப் போகலாம். முதல் ஆட்டம் மழையில், கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாவதில் ஒரு பெனால்டியில் தோற்றோம். மூன்றாவதில் ஜெயித்தோம். எதிரணிக்காரன் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளியதால் ஜெயித்தோம். நான்காவது ஒன்றுக்கு ஒன்று. ஐந்தாவது மறுபடி கோல் இல்லை. ஐந்து ஆட்டத்தில் நம் கால் போட்ட கோல் ஒன்றே ஒன்று. ஆனாலும் மற்ற அணிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதில் கடைசி ஆட்டத்தில் நமக்கு டிரா போதும் என்று ஆகிவிட்டது.

ஜெயிக்க வேண்டாம், தோற்காமல் இருந்தால் போதும் என்று ஆடுவது எப்படிப்பட்டது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். முப்பது வாரத்துக்கு ஒப்புக்கொண்ட தொடரில் கதை பத்தொன்பதாவது வாரமே தீர்ந்துபோனால், மீதி வாரங்களை ஓட்டுவது அப்படித்தான். கதாநாயகி காப்பி போடுவாள். மாமியார் ஜன்னலைச் சாத்துவாள். எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய அணி ஆறு மாதம் காப்பி போட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஆறு மாதமும் இதை யாரும் பார்க்கவில்லை. தகுதிச் சுற்று நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தினேஷ் ஓடியதும், அவன் திரும்பி ஓடி வருவதற்குள் கோல் விழுந்ததுமாகப் பன்னிரண்டு விநாடிக் காணொளி ஒன்று வந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். அடியில் சிரிக்கிற பொம்மைகள், "எவ்வளவு வாங்கினான்?" என்ற கேள்விகள். ஒரு நாடு தன் கால்பந்து வீரன் ஒருவனின் பெயரைத் தெரிந்துகொண்ட விதம் இது.

4

பேனருக்கு வருகிறேன்.

ஏற்பாடு செய்தவர் கிருஷ்ணப்பா. மர்பி டவுன் மைதானத்துக்கு எதிரே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். பத்தொன்பது வருடமாக மே மாதத்தில் அந்த மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடத்துகிறார். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், நம்ம பையன் ஆசியா கப்புக்குப் போறான். மேல கன்னடத்துல அடிச்சாச்சு. கீழ தமிழ்ல ரெண்டு லைன், சூடா."

"இன்னும் மேட்ச்சே முடியலையே கிருஷ்ணப்பா?"

"டிராதானே மேடம். டிராகூடவா வராது?"

சூடாக எழுதிக் கொடுத்தேன். ஆட்டத்தன்று காலையில் தெருமுனையில் ஏற்றினார்கள். நடுவில் தினேஷ், கைகட்டி நிற்கிறான். கீழே வரிசையாகப் பதினான்கு முட்டை வடிவப் படங்கள். கிருஷ்ணப்பாவும் நண்பர்களும். அவருடையதுதான் முதல் முட்டை.

மறுநாள் காலை பேனர் இல்லை.

[இந்த இடத்தில் தினேஷ் இருட்டறையில் அழுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவன் அழுததை நான் பார்க்கவில்லை. பக்கத்தை எடுத்துவிட்டேன். அவன் அழுவான் என்றே எனக்கு நம்பிக்கை வரவில்லை.]

பத்து நாள் கழித்துப் பேனரை மறுபடி பார்த்தேன். தினேஷின் அம்மா சந்திரம்மா காலையில் வீட்டு வாசலில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். வண்டிக்கு மேல் மழைக்கு ஒரு கூரை கட்டியிருந்தாள். பேனர்தான். படம் வெளியே தெரிந்தால் தெருவே சிரிக்கும் என்று அச்சடித்த பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டிவிட்டாள். அதனால் தெருவுக்குத் தெரியவில்லை. நின்று சாப்பிடுகிறவன் நிமிர்ந்தால் மட்டும், தலைக்கு மேல் ஆறடி தினேஷ்.

ஆட்டோ ஓட்டுகிற டேரில் தட்டோடு நின்றிருந்தான். "சந்திரம்மா, ஒன் புள்ள மேலருந்து மொறைக்கிறான். சட்னி ஊத்து, இல்லன்னா எறங்கி வந்துடுவான்."

"அவன் மொறைக்கல. எலக்சன்காரன் மாதிரி சிரிக்கச் சொன்னாங்க. அவனுக்கு அது வரல."

பக்கத்திலிருந்தவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இங்கயாச்சும் எடத்த விட்டு நகராம நிக்கிறானே."

டேரில் சிரித்துவிட்டு, உடனே சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். சந்திரம்மா அந்த ஆளின் தட்டை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். போட்ட சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

நான் மேலே பார்த்தேன். பேனரின் அடிப்பகுதியை பிளேடு வைத்து நேராக அறுத்திருந்தார்கள். பதினான்கு முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. கிருஷ்ணப்பா வெட்கத்தில் அறுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் இரண்டாவது வரியும் அதோடு போயிருந்தது. மிச்சம் நின்றது: தடுத்தது போதும் தினேஷா.

கூட்டம் குறைந்ததும் சந்திரம்மா என் கையைப் பிடித்தாள்.

"ரைட்டரம்மா, நீதான் அவன ஏத்திவுட்ட. நீயே பேசு. வர்ற திங்கக்கெழம காலைல கிளப்பு கேம்ப்புக்குப் போவணும். போவலன்னா அந்த எடத்துல வேற ஆளப் போட்டுக்குவாங்களாம், லெட்டர் வந்திருக்கு. அத்தோட முடிஞ்சிச்சி. இவன் இன்னாடான்னா காலைல எந்திரிச்சா தேங்கா துருவுறான். பத்து நாளா எனக்கு சட்னிக்குக் கஷ்டமே இல்ல. நல்லாவா இருக்குது, சொல்லு."

5

மாடியில் தகரக் கூரை போட்ட அறை. தினேஷ் தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது. இந்தியாவின் இடது காலை மடக்கித் துருவுபலகையை அமுக்கியிருந்தான்.

"பாத்து ஆன்ட்டி, மாவு சிந்தியிருக்கு."

மன்னிப்புக் கேட்கப் பத்து நாளாக வாக்கியம் செதுக்கி வைத்திருந்தேன். "தினேஷ், அந்தப் பேனர்ல நான் எழுதினதுதான் உன்னை…"

"எது?"

"அடித்துக் காட்டுன்னு."

"ஓ, அப்படியா எழுதியிருந்துச்சு?"

"நீ பார்க்கலையா?"

"பாத்தேனே. ஹோட்டல்ல இருக்கும்போது விஜி போன்ல அனுப்புனா." (விஜி அவன் மனைவி.) "மேல கன்னடத்துல அபிநந்தனெகளுன்னு வாழ்த்து இருந்துச்சு, அத படிச்சேன். கீழ இருந்தது தமிழ். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிக்க வராது ஆன்ட்டி. நான் கன்னட மீடியம்."

பத்து நாள் குற்ற உணர்ச்சி ஒரு நொடியில் இறங்கிவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். உண்மையைச் சொல்வதென்றால், என் ஒரு வரி ஒரு நாட்டையே தோற்கடித்தது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ருசி இருந்திருக்கிறது.

"அப்போ ஏன் ஓடின?"

அவன் மூடியைத் திருப்பி வைத்து மறுபக்கம் துருவினான்.

"ஒன்னுக்கு ஒன்னு. எண்பத்தேழு ஆச்சு, எண்பத்தெட்டு ஆச்சு. கோச் வெளிய நின்னு ஹோல்டு, ஹோல்டுன்னு கை காட்டுறாரு. மண்டைக்குத் தெரியுது ஆன்ட்டி, டிரா போதும்னு. காலுக்குத் தெரியல. நம்ம மே மாச டோர்னமென்ட் ரூல் தெரியும்ல?"

"தெரியாது."

"டிரான்னா ரெண்டு டீமும் அவுட். ஒரே நாள்ல இருபது டீமு ஆடணும். பெனால்டி அடிக்கிறதுக்கெல்லாம் டைமு ஏது? சாயந்திரம் வெளிச்சம் போயிடும். அதனால டிராவுல நின்னா கடைசி ரெண்டு நிமிஷம் எல்லாரும் மேல போயிடுவோம். கோல்கீப்பர்கூட. எட்டு வயசுலருந்து அப்படித்தான் ஆடறேன். அன்னிக்கு எண்பத்தொம்பதுல பால் காலுக்கு வந்துச்சு. நிமிந்து பாத்தேன். எடது ஓரம் மொத்தமா காலி. ஒருத்தன் இல்ல. போயிட்டேன்."

"இதைக் கோச்சுகிட்ட சொன்னியா?"

"எந்த பாஷைல ஆன்ட்டி சொல்றது?"

கீழே வாளியில் தட்டு விழும் சத்தம். திங்கட்கிழமை போவாயா என்று கேட்டேன்.

"கிருஷ்ணப்பாண்ணன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும். 'நம்ம ஆட்டத்தத்தான்டா ஆடுன'ன்னு. அவ்ளோதான். சாரிகீரி எல்லாம் பேடா, வேணாம். ரயில் ஸ்டேஷனுக்கு அவரு கடை முன்னாடிதான் போவணும். தலையத் தொங்கப்போட்டுனு போமாட்டேன்."

6

கிருஷ்ணப்பா சட்டைக் கையை நீவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். அந்த வசந்தி புருசன் லாரில அடிபட்டானே, செத்தானா இல்லையா? சொல்லிட்டுப் போங்க. வீட்ல பொம்பள தூங்கமாட்டேங்குது." (என் தொடரை வாராவாரம் படிக்கிறவர். வசந்தியின் புருஷன் இன்னும் எட்டு வாரத்துக்குச் சாகமாட்டான். அவரிடம் சொல்லவில்லை.)

"டிரான்னா ரெண்டு டீமும் வெளியன்னு ரூல் போட்டது யாரு கிருஷ்ணப்பா?"

"நான்தான். ஏன்?"

"தினேஷ் அந்த ரூல்படிதான் ஆடினானாம்."

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார்.

"அது வேற, இது வேற மேடம். அது நம்ம கிரவுண்டு. இது கண்ட்ரி."

"அவன் ஆட்டம் கத்துக்கிட்டது இங்கதானே?"

"நான்தான் கத்துக்குடுத்தேன். யார் இல்லன்னா? எல்லாத்துக்கும்தான் கத்துக்குடுத்தேன். மேல போடா, மேல போடான்னு. மத்தவனெல்லாம் ஆட்டோ ஓட்டுறான், செக்யூரிட்டி வேலைக்குப் போறான். இவன் ஒருத்தன்தான் அத எடுத்துனு அவ்ளோ தூரம் போனான்."

தேய்த்த சட்டையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கோபமாக ஆரம்பித்தார்.

"ஏன் மேடம், அடித்துக் காட்டுன்னு நீங்கதானே எழுதினீங்க?"

"அவனுக்குத் தமிழ் படிக்க வராது."

"எனக்கு வருமே."

புரியாமல் பார்த்தேன். அவர் அடுத்த சட்டையை எடுத்து விரித்தார். தேய்க்கவில்லை.

"கேலரில எடது பக்கமாத்தான் உக்காந்திருந்தோம். பதினாலு பேரு. ஒன்னுக்கு ஒன்னு. எனக்கும் தெரியும் டிரா போதும்னு. நான்தானே ஊரெல்லாம் சொல்லினு இருந்தேன்? ஆனா எண்பத்தெட்டு ஆனதும் ஒடம்பு கேக்கல. எந்திரிச்சி நின்னு கத்தினேன். மேல போடா தினேஷா, அடிச்சிக் காட்டுறான்னு. பதினாலு பேரும் கத்தினோம். அவன் நேரா எங்களுக்கு முன்னாடி, இருபதடில இருந்தான்."

தெருவில் யாரோ கிருஷ்ணப்பாவைக் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் கவனிக்கவில்லை.

"அவனுக்குக் கேட்டிருக்குமா மேடம்?"

"நீங்களே கேளுங்க. திங்கட்கிழமை காலைக்குள்ள போய் ஒரு வார்த்தை சொன்னா அவன் கிளம்பிடுவான்."

"போமாட்டேன். கேட்டுச்சின்னு சொல்லிட்டான்னா?"

அவர் ஏன் அந்த முட்டைகளை அறுத்தார் என்று நான் நினைத்திருந்த காரணம் தப்பு. வெட்கத்தில் அறுக்கவில்லை. சாட்சியை அறுத்திருக்கிறார்.

"கதைல என் பேர மாத்திடுங்க," என்றார். மாற்றிவிட்டேன்.

7

இப்போது சனிக்கிழமை, மூன்று இருபது. நாற்பது நிமிடம் இருக்கிறது. முடிவுகள்.

முடிவு அ: திங்கட்கிழமை காலை. கடையைத் திறக்காமல் வாசலில் நிற்கிறார் கிருஷ்ணப்பா. பையோடு வருகிறான் தினேஷ். "நம்ம ஆட்டத்தத்தான்டா ஆடுன" என்கிறார். இருவர் கண்ணிலும்

ஸ்ரீரஞ்சனிக்குப் பிடிக்கும். எனக்கு இந்தக் கண்ணீரை எழுதி எழுதிக் கை மரத்துவிட்டது.

முடிவு ஆ: ரயில் போய்விடுகிறது. தினேஷ் தேங்காய் துருவுகிறான். மே மாதம் வருகிறது. மைதானத்தில் இருபது அணிகள், அதே ரூல். டிரா நிலையில் எல்லோரும் மேலே ஓடுகிறார்கள், கிருஷ்ணப்பா கத்துகிறார்.

இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. தோன்றுவதையெல்லாம் அச்சில் போட்டால் அதை நானே நடத்திவைத்ததுபோல் ஆகிவிடும். ஒருமுறை பட்டது போதும்.

முடிவு இ: ஒன்றும் சொல்லாமல் நிறுத்திவிடுவது. இலக்கியக் கூட்டங்களில் இதற்கு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். மர்பி டவுனில் இதற்குப் பெயர் டிரா.

ஒரு சந்தேகத்தையும் எழுதிவிடுகிறேன். தினேஷ் என்னிடம் கேலரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டும், பதினான்கு பேரையும் காப்பாற்ற அந்த ரூலைக் காரணமாகச் சொல்லியிருக்கலாம். தடுப்பதுதானே அவன் வேலை. நேற்றே மாடியேறிப் போய்க் கேட்டிருக்க முடியும். பத்து நிமிட நடை. இன்றும் முடியும், இப்போதுகூட முடியும். அதற்குப் பதிலாக உட்கார்ந்து ஒற்றெழுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதையில் தன் இடத்தை விட்டு ஓரடியும் நகராத ஒரே ஆள் நான்தான். என்னைப் பற்றி யாரும் காணொளி போடமாட்டார்கள்.

8

நாலுக்கு ஐந்து நிமிடம். அனுப்பப் போகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை போய் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருக்கும். அதனால் முடிவு என் கையில் இல்லை. உங்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. தெரிய வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு மேல் மர்பி டவுன் பக்கம் போங்கள். பிளெக்ஸ் கூரை போட்ட இட்லி வண்டி என்று கேட்டால் காட்டுவார்கள். தட்டை நீட்டுவது சந்திரம்மாவாக இருந்தால் நல்லது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எனக்கு ஒரு தபால் அட்டை போட்டாலும் சரி.

தட்டை நீட்டுவது உயரமான ஒரு இளைஞனாக இருந்தால், அவன் நிற்கும்போது உடம்பின் கனம் இடது காலில் இருந்தால், ஏன் ஓடினாய் என்று கேட்காதீர்கள். யார் கத்தினார்கள் என்றும் கேட்காதீர்கள். மேலே நிமிர்ந்து பார்க்காதீர்கள். சட்னி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.